பிராக்கில் ஒரே நாள், இரண்டு பேர்: எந்தக் கரைக்குப் போவது?

வியன்னாவிலிருந்தோ பெர்லினிலிருந்தோ ரயிலில் நான்கு மணி நேரத்துச் சொச்சம் என்பதால், செக் நாட்டுத் தலைநகர் பிராக்குக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு நாளுக்குள் கோட்டை, சார்லஸ் பாலம், கடிகாரம், யூதர் குடியிருப்பு என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டு, எதை எங்கே பார்த்தோம் என்ற நினைவே இல்லாமல் வீங்கிய காலோடு ஊர் திரும்புகிறவர்களும் நிறையப் பேர்தான். தனியாகப் போனால் அந்த ஓட்டத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். நண்பரோடு போகும்போது ஒருவர் படம் எடுக்க நிற்பார், இன்னொருவர் மணி பார்ப்பார். மதியம் மூன்று மணிக்கெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுவிடும். எனவே எது பெரிய இடம் என்று நான் பார்க்கப்போவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து போனால் எது தாங்கும் என்றுதான் பார்க்கப்போகிறேன்.

ஊரின் கிடப்பு சிக்கலானது அல்ல. வல்தாவா ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேற்குக் கரையில் குன்றின்மேல் கோட்டை, அதன் அடிவாரத்தில் மாலா ஸ்ட்ரானா என்ற பழைய குடியிருப்பு. கிழக்குக் கரையில் பழைய நகரச் சதுக்கம், யோசெபோவ் என்கிற யூதர் பகுதி, கொஞ்சம் தள்ளி வென்செஸ்லாஸ் சதுக்கம். அதே கிழக்குக் கரையில் தெற்கே தனியாக ஒரு பாறைமேல் விஷெஹ்ராட். ஒரு நாளுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் நியாயம்.

நாங்கள் போனபோது எனக்கும் தோழிக்கும் ஆசைகள் வேறுவேறு. எனக்கு யோசெபோவ். அவள் திருச்சிக்காரி, கட்டடப் பொறியாளர், முழங்கால் கொஞ்சம் தகராறு. அவளுடைய அம்மா வியாழக்கிழமை தவறாமல் குழந்தை இயேசு நவநாள் செபம் சொல்கிறவர். அந்தக் குழந்தை இயேசுவின் மூலச் சுரூபம் இருப்பது பிராக்கில்தான், அதுவும் மேற்குக் கரையில்.

மேற்குக் கரை: மேலிருந்து கீழே

கோட்டையைப் பற்றிய முதல் அறிவுரை, அதை நோக்கி ஏறாதீர்கள் என்பதுதான். அடிவாரத்திலிருந்து நெருதோவா தெரு வழியாக மூச்சிரைக்க ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 22ஆம் எண் டிராம் குன்றின் பின்பக்கமாகச் சுற்றி மேலே கொண்டுபோய் விட்டுவிடும். 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் ஏறக்குறைய சமதளமாகவே நடந்து கோட்டையின் இரண்டாவது முற்றத்துக்குள் போய்விடலாம். பார்த்து முடித்துவிட்டு நடந்து இறங்கலாம். இறங்குவதும் முழங்காலுக்கு வலிதான் என்றாள் தோழி. ஆனால் இறக்கத்தில் நினைத்த இடத்தில் நின்று நின்று போகலாம், கடைகள் இருக்கும், உட்கார இடம் கிடைக்கும்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். அந்த டிக்கெட்டில் அடங்கும் இடங்களில் இரண்டுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

ஒன்று புனித விட்டுஸ் பேராலயம். 1344இல் அடிக்கல் நாட்டி 1929இல்தான் வேலை முடிந்தது. நடுவே போரும் மதக் கலகமும் வந்து நூற்றாண்டுக்கணக்கில் பாதியிலேயே நின்றுகிடந்த கட்டடம் அது. கிழக்குப் பாதி பதினான்காம் நூற்றாண்டு, மேற்கு முகப்பு பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் வேலை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடத் தோன்றும். தோழிக்கு அந்தத் தேடல் போதுமானதாக இருந்தது. டிக்கெட் இல்லாமலும் நுழைவாயிலை ஒட்டிய பகுதிவரை போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வரலாம். ஆனால் வென்செஸ்லாஸ் சிற்றாலயமும், புனிதர் நெபோமுக்கின் வெள்ளிக் கல்லறையும் உள்ளே தள்ளி இருக்கின்றன.

இன்னொன்று பழைய அரச மாளிகை. அங்கே விளாதிஸ்லாவ் மண்டபம் என்று 62 மீட்டர் நீளத்தில், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கூடம் இருக்கிறது. 1500ஐ ஒட்டிக் கட்டியது. கூரையின் கல் விலா எலும்புகள் கொடிபோல வளைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மழைக்காலத்தில் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டிகளை உள்ளேயே நடத்தினார்கள். குதிரைகள் ஏறிவருவதற்கென்றே அகலமான, தாழ்வான படிகள் இன்னும் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏற்ற படிகள்.

அதே மாளிகையில் ஓர் அறை. அதன் ஜன்னலுக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1618 மே 23 அன்று புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் அந்த உயரத்திலிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். கன்னி மரியாள் தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. ஐரோப்பாவையே சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போருக்கு இதுதான் தொடக்கம். அறை சின்னது, ஜன்னலும் சாதாரணமானது. அங்கே நின்று கீழே எட்டிப்பார்த்தால்தான் பிழைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இந்த ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொற்சந்துக்கு நான் அவ்வளவு மரியாதை தரமாட்டேன். பொம்மை வீடுகள் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். 22ஆம் எண் வீட்டைத் தங்கை வாடகைக்கு எடுத்திருக்க, அங்கே 1916-17 குளிர்காலத்தில் உட்கார்ந்து காஃப்கா எழுதினார். இப்போது அங்கே கடை. சந்தின் அகலத்துக்கும் வந்து குவியும் கூட்டத்துக்கும் பொருத்தமே இல்லை. மாலையில் கட்டடங்கள் மூடிய பிறகு சும்மா நடந்துபோக விடுகிறார்கள், அது போதும்.

நெருதோவா தெருவில் இறங்கும்போது நிதானமாகப் போகலாம். வீடுகளுக்கு எண் போடும் வழக்கம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளப் பலகை. மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள் என்று கதவுகளின்மேல் இன்னும் இருக்கின்றன. ஒருவர் சொல்ல இன்னொருவர் தேடுவது நல்ல விளையாட்டு. கீழே புனித நிக்கோலஸ் ஆலயம். மொசார்ட் 1787இல் அங்கே ஆர்கன் வாசித்தார்.

அங்கிருந்து கார்மெலிட்ஸ்கா தெருவில் சில நிமிட நடை, வெற்றி அன்னை ஆலயம். பெங்களூரு விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அந்த பக்தி புறப்பட்ட இடம் இது. வலப்பக்கப் பீடத்தில், கண்ணாடிக்குள், அரை மீட்டர்கூட இல்லாத மெழுகுச் சுரூபம். ஸ்பெயினிலிருந்து வந்தது. போலிக்சேனா என்ற பிரபு குலத்துப் பெண்மணி 1628இல் கார்மெல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ற நிறத்தில் உடை மாற்றுகிறார்கள். பேரரசி மரியா தெரேசா காலம் தொடங்கி உலகெங்கிலுமிருந்து வந்து சேர்ந்த உடைகளுக்கு மாடியில் சின்ன அருங்காட்சியகமே உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. "இவ்வளவு சின்னதா!" என்றுதான் தோழி முதலில் சொன்னாள். பிறகு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட வெளியே ஓடினாள். எனக்குப் பக்தி குறைவு. ஆனாலும் அந்த நாளில் மேற்குக் கரையின் தராசுத் தட்டைத் தாழ்த்தியது இந்த ஆலயம்தான் என்பதை மறுக்கமாட்டேன்.

கிழக்குக் கரை: பார்ப்பதற்கு அதிகம், தாங்குவதற்கும் அதிகம்

நேர்மையாகச் சொன்னால் சரக்கு அதிகம் உள்ளது இந்தக் கரையில்தான். முதலில் எல்லாரும் பார்க்கும் கடிகாரம். 1410இல் செய்தது, இன்னும் ஓடுகிறது. மணிக்கொரு முறை நூற்றுக்கணக்கானவர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் காத்திருப்பார்கள். எலும்புக்கூடு ஒரு கையால் கயிற்றை இழுத்து மணி அடிக்கும், மறுகையில் மணற்கடிகாரம். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்பவன், பணப்பை வைத்திருப்பவன், துருக்கியன் ஆகிய மூவரும் 'மாட்டேன்' என்று தலையை ஆட்டுவார்கள். மேலே இரண்டு ஜன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில் சேவல் கூவும். அதோடு சரி, ஆட்டம் முடிந்தது. 'இதற்கா இவ்வளவு நேரம்' என்று கூட்டம் கலையும்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகப்பில் நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது: ராசிச் சக்கரம். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, சந்திரன் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த முள்கள் காட்டும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடிகாரம் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அது சாயனக் கணக்கு. நம் நிராயணக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை முன்னால் இருக்கும். வெளி வளையம் சூரியன் மறைந்ததிலிருந்து மணி எண்ணும் பழைய முறைக்கானது. செய்தவர் மறுபடி இப்படியொன்றைச் செய்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். கதைதான், அதில் வரும் ஹனுஷ் இதைச் செய்தவரே அல்ல. செய்தவர் காதான் ஊர் மிக்குலாஷ்.

வானியலில் ஆர்வமுள்ள நண்பர் என்றால் இந்தக் கரையை யோசிக்காமல் எடுங்கள். சதுக்கத்தின் இரட்டைக் கோபுரத் தீன் ஆலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராகி புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் விட்டுச்சென்ற கணக்குகளை வைத்துக்கொண்டு கெப்ளர் கோள்களின் முதல் இரண்டு விதிகளைக் கண்டடைந்ததும் இந்த ஊரில்தான்.

யோசெபோவுக்கு வருகிறேன். இது ஒன்றும் 'போகிற வழியில் எட்டிப்பார்க்கிற' இடம் அல்ல. பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற போஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள், பிறந்த நாளோடும் கடைசியாக உயிரோடிருந்ததாகத் தெரிந்த நாளோடும், கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்வாரியாக, குடும்பவாரியாக, சிவப்பிலும் கறுப்பிலும். சோவியத் படையெடுப்பு நடந்த 1968இல் மூடப்பட்ட கட்டடத்தில் ஈரம் ஏறிப் பெயர்கள் அழிந்துபோயின. 1990களில் மறுபடி ஒவ்வொன்றாக எழுதினார்கள். மாடியில் நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். அதைப் பார்த்துவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போவீர்கள். 1439 தொடங்கி 1787 வரை வேறு நிலம் கிடைக்காததால் புதைத்த இடத்தின்மேலேயே மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். பழைய கற்களைப் புதிய மட்டத்துக்கு உயர்த்தி நட்டதால், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. ஆசீர்வதிக்கும் கைகள், நீர்க்குடம், திராட்சைக் குலை என்று அவற்றில் குடும்பச் சின்னங்கள். களிமண்ணில் கோலெம் என்ற உயிருள்ள மனித உருவைச் செய்ததாகக் கதை சொல்லப்படும் ரப்பி லோவின் கல்லறை விளிம்பில், மடித்த காகிதத் துண்டுகளின்மேல் கூழாங்கற்களைப் பாரம் வைத்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் அரை நாளாவது வேண்டும். அதற்குப் பிறகு சிரித்துப் பேசிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட எனக்கு மனம் வராது. நண்பரோடு போகும் நாளுக்கு அது பொருந்தாது என்று சொல்லமாட்டேன்; சில நட்புகளுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் இரண்டு பேரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு போக வேண்டும். ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்க, மற்றவர் 'அடுத்து எங்கே?' என்று கேட்டால் அந்த நாள் தேறாது.

விஷெஹ்ராட்: இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மெட்ரோவின் சி வழித்தடத்தில் விஷெஹ்ராட் நிறுத்தம், அங்கிருந்து சிறிது நடை. பழைய கோட்டை மதில், அதன்மேல் மரநிழலில் நடைபாதை, கீழே ஆற்றின் வளைவு, தூரத்தில் பிராக் கோட்டை. பதினோராம் நூற்றாண்டின் வட்டவடிவச் சிற்றாலயம் ஒன்று. கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் துவோர்ஷாக், ஸ்மெத்தனா, ஓவியர் மூகா, 'ரோபோ'வை உலகுக்கு அறிமுகப்படுத்திய கரேல் சாப்பெக் ஆகியோர் இருக்கிறார்கள். வளாகத்துக்கு டிக்கெட் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, பெஞ்சுகள் நிறைய உண்டு. வெகுநாள் கழித்துச் சந்திக்கிற இரண்டு பேர் மனம்விட்டுப் பேச இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. ஆனால் முதல்முறை பிராக்குக்கு வந்தவரை நாள் முழுக்க இங்கேயே உட்காரவைத்தால், ஊருக்குப் போனதும் 'பாலம் பார்த்தீர்களா?' என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோபம் உங்கள்மேல்தான் திரும்பும்.

எதை எடுப்பது

முதல்முறை என்றால் மேற்குக் கரை. அதோடு பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் ஒரே ஒரு இடம், அதற்குமேல் வேண்டாம். யோசெபோவை அவசரமாக நுழைந்து பார்ப்பதைவிடப் பார்க்காமலே விட்டுவிடுவது மேல். எனக்குப் பிடித்த இடத்தை நானே வெட்டுகிறேன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அந்த ஒரே இடம் கடிகாரமல்ல, கடிகாரம் இருக்கும் நகர மன்றத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிய தரை. அங்கே கற்களுக்கு நடுவே 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1618இல் ஜன்னல் வழியாக ஆட்களை எறிந்தார்களே, அந்தக் கலகம் 1620இல் வெள்ளைமலைப் போரில் தோற்றது. 1621 ஜூன் 21 அன்று கலகத் தலைவர்கள் 27 பேரை இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். அவர்களில் 12 பேரின் தலைகளைச் சார்லஸ் பாலத்தின் கிழக்கு முனைக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கவிட்டார்கள். ஜன்னலில் தொடங்கி, பாலத்துக் கோபுரத்தைக் கடந்து, சிலுவைகளில் முடித்தால் ஒரு முழுக் கதையின் வழியே நடந்துவந்தது போலாகும். நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரலாறு வேண்டாம் என்கிற நண்பருக்கும் இதே வழியில் தெருக்கூத்தும் ஆறும் பீரும் உண்டு.

பாலத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் அது திருவிழாத் தேர்முட்டி. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் தொடங்கிய பாலம். 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். பெரும்பாலானவை நகல்கள். மூலச் சிலைகளில் சில விஷெஹ்ராட் மதிலுக்குள்ளிருக்கும் நிலவறைக் கூடத்தில் இருக்கின்றன. கட்டும்போது சாந்தில் முட்டை கலந்தார்கள் என்பது பழங்கதை. ஊர் ஊராக முட்டை கேட்டு ஆள் அனுப்பியபோது வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்களாம். தோழிக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. "செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டுத்தான் பூசினார்கள். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? அவித்து அனுப்பியதுதான் அதிசயம்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரின் கல் இணைப்புகளை நகத்தால் சுரண்டிப் பார்க்கத் தொடங்கினாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

சாப்பாட்டில் சைவ நண்பர் இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்: ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு அடை, பழக் கொழுக்கட்டை ஆகியவை பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். தெருவெங்கும் சுட்டு விற்கும் திர்தெல்னிக் சுருளைப் 'பழைய செக் பலகாரம்' என்று பலகையில் எழுதியிருப்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்காகப் பரவிய பண்டம் அது. இனிப்பாக இருக்கும், அவ்வளவுதான். நாணயம் யூரோ அல்ல, கொருனா. சதுக்கத்தைச் சுற்றிய பணமாற்றுக் கடைகளில் மாற்றாமல் அட்டையில் செலுத்துங்கள். டிராம் டிக்கெட்டைக் காகிதத்தில் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறக்காதீர்கள்.

கிழமையும் பருவமும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். சனிக்கிழமை யூத அருங்காட்சியக இடங்கள் மூடியிருக்கும் என்பதால் அன்று மேற்குக் கரையா கிழக்குக் கரையா என்ற விவாதத்துக்கே இடமில்லை. ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு; பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள். அன்று அரச மாளிகையை முதலில் முடித்துக்கொண்டு, 12 மணிக்கு முதல் முற்றத்தில் வாத்தியத்தோடு நடக்கும் காவலர் மாற்றத்தைப் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குள் போகலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், கோட்டைக் கட்டடங்களையும் அந்த நேரத்துக்கு மூடிவிடுவார்கள்; ஒன்பது மணிக்கெல்லாம் டிராமில் ஏறிவிட வேண்டும். அவ்வளவு காலையில் நண்பர் எழுந்திருக்கமாட்டார் என்றால் கோட்டையை விட்டுவிட்டு, மாலா ஸ்ட்ரானாவும் பாலமும் சதுக்கமும் மட்டும் என்று முதல்நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள்.